உறங்கும் ஜீன்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

'புழு' என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப்புழு உலகின் ஆய்வுக்கூடங்களில் அரியணை ஏறி அமர்ந்திருக்கிறது. அதன் பெயர் 'சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்'. பாக்டீரியாவைத் தின்று, இரண்டு மூன்று வாரம் வாழ்ந்து மடிவது.

வளர்ந்த இருபால் புழுவின் உடற்செல்கள் 959. ஜீன்களோ ஏறத்தாழ 20,000. எல்லாச் செல்லிலும் அதே ஜீன்கள் இருக்க, ஒன்று தசையாகவும் மற்றொன்று நரம்பாகவும் ஆவது எப்படி? எல்லா ஜீன்களும் எல்லா நேரமும் பேசுவதில்லை என்பதே விடை. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் ஆகியோர் இதில் ஒரு புதுமையைக் கண்டனர். 'லின்-4' என்னும் ஜீன் புரதம் எதையும் தருவதில்லை. 22 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. இழை ஒன்றைத் தருகிறது. அது 'லின்-14' ஜீனின் செய்தியோடு ஒட்டிக்கொண்டு, அதன் வாயை அடைத்துவிடுகிறது! 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவர்களைத் தேடி வந்தது.

நம் தமிழகமும் பின்தங்கவில்லை. கடலில் வாழும் 'விப்ரியோ' போன்ற கிருமிகள் தாக்கும்போது இப்புழுவின் எந்த ஜீன்கள் விழித்தெழுகின்றன என்று காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

என் மனத்தைத் தொட்டது 'டாவர்' என்னும் நிலை. உணவு குறைந்து, கூட்டம் பெருகினால் இளம்புழு வேறு வழியில் வளர்கிறது. 'டாஃப்-16' என்னும் புரதம் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து பல ஜீன்களின் போக்கையே மாற்றுகிறது. வாய் மூடிக்கொள்ளும், தோல் தடிக்கும், உண்ணாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். உணவு கிடைத்ததும் எழுந்து, வளர்ந்து, முட்டையிடும். ஜீன்கள் மாறவில்லை, சூழ்நிலைதான் மாறியது.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது உறவினர் ஒருவர், "படிப்பு நம்ம ரத்தத்துலயே இல்லடா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், கைநாட்டு. ஆனால், மேஸ்திரி கூலிக் கணக்கை எழுதி முடிக்குமுன் மனக்கணக்காகவே சொல்லிவிடுவாராம். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவும் அப்படித்தான். ஏலம் முடிவதற்குள் கூடைக்கு என்ன தேறும் என்று அறிவார்.

மனிதன் புழு அல்லன். படிப்புக்கென்று ஒரு ஜீன் நமக்குள் உறங்குகிறது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் 'ரத்தத்தில் இல்லை' என்று தீர்ப்பளிப்போரை ஒன்று கேட்கலாம்: அந்த ரத்தத்துக்கு வயிறாரச் சோறும், கையில் ஓர் ஏடும் எப்போது கிடைத்தன?

நண்பர்களே! எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பஸ் பிடித்து வரும் நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். 'உனக்குப் படிப்பு வராது' என்ற சொல்லை நம் தம்பி தங்கையரின் காதில் விழாமல் காப்போம். ஒரு புழுவுக்கே உணவு வரும்வரை காலம் காத்திருக்கிறது. பிள்ளைகளின் பருவமோ காத்திராது.