நாய் வாத்தியார் வேலை

முப்பத்திரண்டு வருஷ காலம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற பிறகு, நாய்களுக்கு வாத்தியாராகப் போகலாம் என்று நமக்குத் தோன்றியது. இதைக் கேட்டு நேயர்கள் சிரிக்க வேண்டியதில்லை. நம் வீட்டில் போதுமான அளவு சிரித்தாகிவிட்டது. "நீங்கள் உட்காரச் சொல்லி நம் பிள்ளைகளே ஒரு நாளும் உட்கார்ந்ததில்லையே!" என்றாள் வீட்டுக்காரி. நியாயமான கேள்விதான். ஆனால் நாய்களிடம் ஒரு சௌகரியம் உண்டு. பரீட்சையில் தவறினால் அவற்றின் தகப்பனார்கள் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சென்னையில் இப்போது நாய் வளர்க்காத தெருவே கிடையாது. இரண்டு அறை வீட்டில் நான்கு மனிதர்களும் ஒரு நாயும் வசிக்கிறார்கள். அந்த நாய்க்குக் காலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்ல ஆள் தேவைப்படுகிறது. தொழிலில் இருபது வருஷம் பழுத்த ஒருவரிடம் நாம் சிஷ்யராகச் சேர்ந்தோம். முதல் நாளே அவர் நமக்கு உபதேசம் செய்துவிட்டார். "நாய் என்பது ஓநாயின் வம்சம். ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு ராஜா உண்டு. நீர் ராஜாவா, நாய் ராஜாவா என்பதை ஆரம்பத்திலேயே தீர்த்துவிட வேண்டும்!" என்றார். இழுத்தால் இறுகும் சங்கிலி ஒன்றையும் கையில் கொடுத்தார்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் மாணாக்கன் நங்கநல்லூரில் ஒரு வீட்டு இராஜபாளையம் நாய். வயது மூன்று. பால் போன்ற வெள்ளை உடல், ரோஜா நிற மூக்கு, பொன் நிறக் கண்கள். 2005-ஆம் ஆண்டில் தபால் இலாகா இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அவற்றில் இதுவும் ஒன்றாக இடம் பெற்றது என்றால் அதன் அந்தஸ்தை ஊகித்துக் கொள்ளலாம். காட்டுப் பன்றியை விரட்டிப் பிடித்த பரம்பரை. அப்பேர்ப்பட்ட பிராணியை, வாசற்கதவுக்குப் பக்கத்தில், மோட்டார் வண்டி நிற்கும் கொட்டகையில், நாளில் இருபது மணி நேரம் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அதன் பெயர் வீரா.

வீரா உறுமும். சாப்பிடும்போது யாராவது கிட்டே போனால் உறுமும். அதன் மூலையில் யாராவது குனிந்தால் உறுமும். வீட்டாருக்கு அதுதான் பெருங்குறை. குருநாதர் அதற்கு வழி சொன்னார்: உறுமும்போதெல்லாம் சங்கிலியை ஒரு சொடுக்குச் சொடுக்கி, "கூடாது!" என்று அதட்ட வேண்டும். அப்படியே செய்தோம். பள்ளிக்கூடத்தில் பழகிய குரல் அல்லவா? நான்கு நாளில் உறுமல் பாதியாயிற்று. பத்து நாளில் அடியோடு நின்றது. வீட்டுப் பையன் கை தட்டினான். வீட்டு எஜமானர் நமக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். அன்று நாம் வீட்டுக்குத் திரும்பிய நடையில் ஒரு மிடுக்கு இருந்ததாக, நம் வீட்டுக்காரி பிற்பாடு சாட்சியம் அளித்தாள்.

பதினேழாம் நாள் காலை. சங்கிலி நம் கையில்தான் இருந்தது. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள், நாயின் கிண்ணத்தைக் கழுவ எடுப்பதற்காகக் குனிந்தாள். மூன்று வருஷமாக எடுக்கிற கிண்ணம்தான். வீரா உறுமவில்லை. சற்று விறைத்தது, வாயை மூடிக் கொண்டது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாய் உருட்டியது. இவ்வளவும் நாம் பார்த்தோம். பார்த்தும் நமக்கு ஒன்றும் புரியவில்லை. "சமர்த்தாக இருக்கிறதே!" என்று நினைத்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறோம். அடுத்த கணம் அவளுடைய முன்கை அதன் வாயில் இருந்தது.

எப்படி விடுவித்தோம் என்பது இன்னமும் சரியாக நினைவில்லை. இரத்தத்தைக் கண்டு வீட்டுப் பாட்டி மஞ்சள் பொடியுடன் ஓடி வந்தார்; வேறொருவர் காபிப் பொடி வைத்து அழுத்தலாம் என்றார். இரண்டையும் தடுத்து, அந்த அம்மாளைக் குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தில் தண்ணீர் ஓட விட்டோம். அன்று நாம் செய்தவற்றில் உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பிறகு ஆட்டோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

வீட்டார், "தடுப்பூசி போட்ட நாய்தானே!" என்றார்கள். வைத்தியர் அந்தச் சமாதானத்தைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. வெறிநாய்க்கடி நோயின் அடையாளங்கள் தோன்றிய பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிகமிகச் சிலர். அவை தோன்றுமுன் ஊசி போட்டுக் கொண்டால் அநேகமாக முழுப் பாதுகாப்பு. பாஸ்டர் 1885-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன் முதலாக ஊசி போட்டார். 1907-இல் நம் குன்னூரிலேயே அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டது. அப்படியிருந்தும் இந்த நோயால் உலகத்தில் வருஷந்தோறும் சுமார் 59,000 பேர் மாண்டு போகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் ஜனங்களை விட்டுப் போகவில்லை. அந்த வழக்கம் மறைந்து எத்தனையோ வருஷமாயிற்று. இப்போது தோளில், நான்கே தடவை. காயம் ஆழமாயிருந்ததால் காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்தினார்கள். அந்த அம்மாள் பல்லைக் கடித்துக் கொண்டு இருந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி ஊசியைப் பற்றியல்ல. "இன்னும் மூணு வீட்டு வேலை இருக்குதுங்க. தண்ணியிலே கை வைக்கக் கூடாதாமே?" என்றாள்.

நாய் பத்து நாள் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பத்து நாளும் நமக்குத் தூக்கம் சரியாக இல்லை. வீட்டில், அவளை விட நாயைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள் என்று சொன்னால் அது குற்றச்சாட்டாக இருக்கும்; ஆயினும் உண்மை. வைத்தியச் செலவையும் ஒரு மாதச் சம்பளத்தையும் அவர்கள் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். மற்ற மூன்று வீட்டுச் சம்பளத்தில் பிடித்ததை நாம் கொடுத்தோம். அவள் வாங்கிக் கொள்ளச் சற்றுத் தயங்கி, "நீங்க எதுக்குங்க குடுக்கணும்?" என்றாள். சொல்ல வாய் வரவில்லை.

குருநாதரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். "நீர் இன்னும் பலமாக இழுத்திருக்க வேண்டும்" என்றார். அத்துடன் அந்தச் சிஷ்ய உறவு முடிந்தது.

நாமாகவே புஸ்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தோம். ராஜா சமாசாரத்தின் பூர்வோத்திரம் தெரிந்தது. 1947-இல் ஷெங்கல் என்ற அறிஞர், ஸ்விட்சர்லாந்தில் மிருகக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பற்றி எழுதியதிலிருந்து அது பரவியிருக்கிறது. தப்பியோட வழியில்லாத இடத்தில் அடைத்தால் ஓநாய் என்ன, நம் உறவினர்களே கடித்துக் கொள்வார்கள். டேவிட் மெக் என்ற அமெரிக்கர் தம்முடைய 1970-ஆம் வருஷப் புஸ்தகத்தில் அந்தக் கருத்தை எடுத்தாண்டவர். அவரே காட்டு ஓநாய்களைப் பல வருஷம் கண்ணால் பார்த்த பிறகு, 1999-இல், அந்தக் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட குடும்பமேயன்றி வேறில்லை என்று எழுதினார். அவர் திருத்திக் கொண்டுவிட்டார். நங்கநல்லூருக்கு அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை.

அதை விட நம்மை அதிகம் உறுத்தியது வேறொரு விஷயம். உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. "எனக்குப் பயமாயிருக்கிறது, தள்ளிப் போ" என்று அது தன் பாஷையில் சொல்கிறது. அதற்கு முன்னால் இன்னும் மெல்லிய குரலில், உதட்டை நக்கியும், கொட்டாவி விட்டும், முகத்தைத் திருப்பியும் சொல்லிப் பார்க்கிறது. உறுமியதற்குத் தண்டனை கொடுத்தால் உறுமல்தான் போகும், பயம் போவதில்லை. ஆகவே நாம் பத்து நாள் பாடுபட்டுச் சாதித்தது என்னவென்றால், மணி அடித்துவிட்டுக் கடிக்கிற நாயை மணி அடிக்காமல் கடிக்கிற நாயாக்கியதுதான். வகுப்பில் நாம் அதட்டி உட்கார வைத்த சில பையன்களின் முகங்கள் அந்த இரவுகளில் நினைவுக்கு வந்தன. அதை இங்கே விரிக்கவில்லை.

மனம் சாக்குத் தேடும் அல்லவா? வெள்ளை நிற நாய்களில் சில இனங்களுக்குப் பிறவிச் செவிடு உண்டென்று படித்தோம். ஒருவேளை வீராவுக்கும் காது கேட்காதோ, அவள் வந்தது தெரியாமல் திடுக்கிட்டதோ என்று மிருக வைத்தியரிடம் சோதிக்கச் சொன்னோம். அவர் ஒரு சாவிக் கொத்தை அதன் முதுகுக்குப் பின்னால் மெதுவாகக் குலுக்கினார். வீரா சட்டென்று திரும்பிப் பார்த்தது. ஒரு காது மட்டும் கேட்காமலிருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது என்பதையும் அவர் சொன்னார். அந்த நூலைப் பிடித்துத் தொங்க நமக்கு மனம் வரவில்லை.

நாயைத் தூரத்து மாந்தோப்புக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் யோசனை நடந்தது. அங்கேயும் யாராவது ஒரு ஏழை கிண்ணம் எடுக்கக் குனிவாரே! கடைசியில் தீர்ப்புச் சொன்னவள் கடிபட்டவள்தான். "அதை எங்கேயும் அனுப்பாதீங்கம்மா. ராவும் பகலும் கட்டிப் போட்டா நாமளே கடிப்போம். கொல்லையிலே அவுத்து விடுங்க. நான் வர்ற நேரத்துக்குக் கம்பிக் கதவு பூட்டியிருக்கணும். கிண்ணத்தை நான் தொட மாட்டேன்" என்றாள். நாம் படித்த புஸ்தகங்களில் சிகிச்சை என்று சொல்லியிருந்ததன் முதல் பாதி அநேகமாக இதுவேதான்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசிக்கு அவளோடு நாமும் போய்விட்டு, அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தோம். வீரா கொல்லையில் மாமர நிழலில் படுத்திருந்தது. கழுத்தில் சங்கிலி இல்லை. நம்மைக் கண்டதும் எழுந்து கம்பிக் கதவுக்கு அப்பால் நின்று, தொண்டைக்குள் மெல்ல உறுமிற்று. "அதட்டுங்கள் ஸார்!" என்றான் பையன். நாம் இரண்டு அடி பின்னால் நகர்ந்தோம். உறுமல் நின்றது. நம் வலது கை மட்டும் கொஞ்ச நேரம் நடுங்கிக் கொண்டிருந்தது.

ஆதம்பாக்கத்திலிருந்து ஒருவர் தம்முடைய நாய்க்குட்டிக்குப் பாடம் சொல்ல வேண்டுமென்று, இது நடப்பதற்கு முன்பே, ஐந்நூறு ரூபாய் அச்சாரம் கொடுத்திருந்தார். நம்மிடம் அவர் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. நேற்றும் டெலிபோனில் கூப்பிட்டார். குட்டிக்கு நான்கு மாதம் ஆகிவிட்டதாம், சாப்பிடும்போது உறுமுகிறதாம். உறை மேஜை இழுப்பறையில் பிரிக்காமல் இருக்கிறது. "வந்து பார்க்கிறோம், ஆனால் அது வரையில் அதை அதட்டாதீர்கள்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.