எடை என்பது காரணமா?

பிறந்து சில நாளில் இறந்துவிடும் குழந்தைக்கு எங்கள் புதூர்ப் பக்கத்தில் ஊர் கூடி அழுவதில்லை. "எடை பத்தாத பிள்ளை, தங்கல" என்பதோடு துக்கம் முடிந்துவிடும்.

என் உறவுப்பெண் ஒருத்திக்கு முப்பதாம் வாரத்தில் பிறந்த மகன் ஒன்பதாம் நாள் இறந்தான். எடை ஒரு கிலோ இருநூறு கிராம். மருத்துவமனை தந்த தாளிலும் குறைப்பிரசவம், எடை குறைவு என்றே இருந்தது. "எடை குறைஞ்சா எப்படிச் சாகும், சித்தப்பா?" என்று கேட்டாள்.

சொற்களைக் கொண்டு பிழைப்பவன் நான். அக்கேள்வி என்னை விடவில்லை. எடை ஓர் அளவு. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே பிறப்பவர்களைக் கொல்பவை வேறு.

முதலாவது மூச்சு. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பூச்சு, குறைமாதக் குழந்தையிடம் போதிய அளவு ஊறியிருக்காது. 1959இல் மேரி எலன் ஏவரி இதைக் கண்டறிந்தார். ஆயினும் 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன், இரண்டு கிலோவுக்கு மேல் எடையிருந்தும், இதே மூச்சுத்திணறலால் இரண்டு நாளுக்குள் இறந்தான். இன்று அப்பூச்சே மருந்தாகக் கிடைக்கிறது. பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும்.

அடுத்தது குளிர். வெயில் கொளுத்தும் கரிசல் காட்டிலும், தோலுக்கடியில் கொழுப்பில்லாத பச்சைக்குழந்தை கோவில்பட்டி போய்ச் சேர்வதற்குள் சில்லிட்டுப் போகலாம். மூளையில் இரத்தக்கசிவு, குடல் அழுகல் என்பனவும் உண்டு. குடலைக் காப்பதில் தாய்ப்பாலுக்கு நிகரில்லை.

கொடியது கிருமித்தொற்று. தில்லியின் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் கண்ட கிருமிகளுள் பல, வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காதவை.

இவற்றுக்கெல்லாம் பெரிய இயந்திரங்களே வேண்டுமென்பதில்லை. இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குச் சற்றுக் கீழ் வரையிலான குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைத்ததில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது.

புறநானூற்றின் 74ஆம் பாடல், இறந்து பிறந்த சிசுவையும் மனிதக் கணக்கிலிருந்து நீக்காத மரபொன்றைப் பேசுகிறது. வாள்வழக்கம் போனது நல்லதே. அந்தக் கணக்கு போயிருக்க வேண்டாம். ஒன்பது நாள் வாழ்ந்தவன் மூச்சால் போனானா, குளிரால் போனானா, கிருமியால் போனானா என்று எழுதிவைத்தால்தான் அடுத்த குழந்தைக்கு எதைத் தடுப்பதென்று தெரியும். எடை குறைவு என்று மட்டும் எழுதினால், தடுக்கக்கூடிய சாவும் விதியாகிவிடுகிறது.