பள்ளிக்கூடத்தின் சீசன்

குற்றாலத்துக்குச் சீசன் எப்போது என்று கேட்டால் ஆனி, ஆடி என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளையும் சொல்லும். மலையிலிருந்து சாரல் இறங்கும், தென்காசி லாட்ஜுகளில் அறை கிடைக்காது. தொடக்கப் பள்ளிக்கும் ஒரு சீசன் உண்டு. அது மார்கழியின் பின்பாதியில், அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி முதல் வாரம் கதவு திறக்கும்போது தொடங்கும். இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு வருடத்தில் மனம் நிறைகிற நாட்கள் எவை என்று கேட்டால், ஜனவரியும் பிப்ரவரியும்தான் என்பேன்.

ஜூனில் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளை, தீபாவளிக்குள் உயிரெழுத்தையும் அகர வரிசையையும் ஒரு மாதிரி பழகியிருக்கும். அதற்குப் பிறகு கொம்பு வரும். தமிழ் படிக்கும் பிள்ளைக்குப் பெரிய மேடு அதுதான். கொம்பை எழுத்துக்கு முன்னால் போட வேண்டும், ஓசையோ பின்னால் வரும். ‘கோ’ என்றால் முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் துணைக்கால், நடுவில் ககரம் மாட்டிக்கொண்டு நிற்கும். இந்த மேட்டைப் பிள்ளைகள் ஏறி முடிப்பது பெரும்பாலும் ஜனவரியில் தொடங்கும் மூன்றாம் பருவத்தில்தான்.

ஏறிவிட்டதா என்று பார்க்கத் தேர்வு வைக்க வேண்டியதில்லை. பஸ் போர்டு போதும். ‘குற்றாலம்’ என்பதில் கொம்பே கிடையாது; நவம்பரிலேயே படித்துவிடுவார்கள். ‘தென்காசி’யில் ஒரே ஒரு ஒற்றைக்கொம்பு. ‘செங்கோட்டை’தான் கடைசிப் பரீட்சை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால், இணைக்கொம்பு, நடுவே புள்ளி வைத்த எழுத்து இரண்டு என்று எல்லாமே அதற்குள் இருக்கின்றன. பொங்கல் லீவு முடிந்து வந்த ஒரு பையன், “சார், செங்கோட்டை பஸ்ஸ நானே படிச்சு ஏறுனேன்” என்றான். அவன் அம்மாவுக்கு அதைவிட நல்ல சேதியை நான் எந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க முடியும்?

எழுதிக் கொடுத்த காகிதங்களுக்குக் குறைவில்லை. முன்பு ரேங்க் கார்டு. 2012-13இல் முப்பருவ முறை வந்து, ஒரே தடிப் புத்தகம் மூன்று மெல்லிய புத்தகங்களானது. மதிப்பெண்ணோடு தரக்குறியீடும் வந்தது. கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய வகுப்பறை சிறு பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1இல். பள்ளிக்கூட வாசனையே தெரியாமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகளை அன்றைக்குப் பார்த்தோம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிய வேண்டும் என்பது அதன் இலக்கு. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. யார் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து தொடங்க வேண்டும். அரும்பில் இருந்த பிள்ளை மொட்டுக்கு நகர்வதும் அதிகமாக இந்தக் குளிர்மாதங்களில்தான் கண்ணில் படும். ஆனால் அந்த நகர்வு வீட்டுக்குத் தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி.

மார்கழியில் எங்கள் வகுப்பறைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும் அப்பாவோடு மாலை போட்டுக்கொள்வார்கள். நேற்றுவரை “லேய், உக்காரு” என்று அதட்டிய பையனை இன்று “சாமி, உக்காருங்க” என்று சொல்ல வேண்டும். சாமிக்கும் அது நன்றாகத் தெரியும். வீட்டுப்பாடம் செய்யாத சாமியின் முகத்தில் இருக்கும் தெம்பைப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். ஆனால் ‘பிள்ளை மாலை போட்டிருக்கான்’ என்று சொல்ல மட்டும் பெற்றோர் தவறாமல் பள்ளிக்கு வந்துவிடுவார்கள். வீட்டிலிருந்து பள்ளிக்குத் தானாக வரும் சேதி அநேகமாக அது ஒன்றுதான்.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு வேகமாகப் போகும் சேதி மழை லீவு. பனி கொட்டும் நாடுகளில் நடுக்குளிர்காலத்தில் பனிக்கு லீவு விடுவார்கள். எங்களுக்கு வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையும், 2024 டிசம்பர் நடுவில் குற்றாலம் பேரருவியில் இறங்கிய வெள்ளமும் யாருக்கும் மறந்திருக்காது. கலெக்டர் அறிவிப்பு வந்த நிமிடத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழு நிரம்பிவிடும். மற்ற நாட்களில் அதே குழுவில் படங்கள் வரும்: மாறுவேடப் போட்டி, பொங்கல் விழா, கையில் சான்றிதழோடு வரிசையாக நிற்கும் பிள்ளைகள். இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். கடையநல்லூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். மகள் சிலம்பம் சுற்றும் படம் அவருக்கு அங்கே போய்ச் சேர்வது பெரிய விஷயம். ஆனால் சிரித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு ‘செங்கோட்டை’ படிக்கத் தெரியுமா என்பதை எந்தப் படமும் சொல்லாது.

நேரில் வரும் தாய்மார்களுக்கும் நாங்கள் சொன்னது அதிகமில்லை. “பிள்ள நல்லாப் படிக்கானா சார்?” என்பார்கள். “படிக்கான்மா, வீட்ல கொஞ்சம் பாத்துக்கோங்க” என்போம். பேச்சு முடிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் வீட்டில் எதைப் பார்க்கச் சொல்கிறோம் என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்வதில்லை.

வேறு மாதிரிப் பேச்சும் ஒருமுறை நடந்தது. கணக்கில் தயங்கும் இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை அவள். அம்மா பீடி சுற்றுகிறவர். தென்காசியைச் சுற்றிய ஊர்களில் மடியில் சுளகோடு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. வீட்டில் பிள்ளை என்ன செய்யும் என்று அந்த அம்மாவிடம் பொதுவாகக் கேட்டேன். “நான் கட்டு எண்ணும்போது பக்கத்துல உக்காந்து அவளும் எண்ணுவா சார். ஆயிரத்துக்கு எத்தன கட்டு கொறையுதுன்னு எனக்கு முன்னால சொல்லிருவா” என்றார். ஒரு கட்டுக்கு 25 பீடி. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதால் அந்த வீட்டில் ஆயிரம் என்பது அடுப்பு எரிவதோடு சம்பந்தப்பட்ட எண். கரும்பலகையில் நூறு தாண்டத் தயங்கிய பிள்ளை வீட்டில் இருபத்தைந்து இருபத்தைந்தாக ஆயிரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஈர்க்குச்சிகளை இருபத்தைந்தாகக் கட்டி வகுப்புக்குக் கொண்டுபோனேன். நூறுகளின் பாடத்தை அன்றைக்கு வகுப்புக்கு நடத்தியது அவள்தான். பிள்ளைகள் பீடித் தொழிலுக்குள் போகக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தத் திண்ணையில் காதில் விழுந்த கணக்கை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவைக்கவும் நியாயமில்லை.

இந்தப் பேச்சுக்கு இப்போது நல்ல நேரமும் இடமும் அமைந்திருக்கின்றன. 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு கிடைக்கிறது. உப்புமாவோ பொங்கலோ ஆறுவதற்குள் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று மார்கழிக் குளிரிலும் தாயோ ஆச்சியோ சீக்கிரமே வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். மணியடிக்க இன்னும் நேரமிருக்கும். சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டங்களில் சுற்றுச்சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பேசப்படும். பேசத்தான் வேண்டும். ஆனால் இந்த மாதம் எந்தப் பிள்ளை எதைப் புதிதாகச் செய்தது என்ற பேச்சு அரிதாகவே வரும்.

ஓய்வு பெற்றவனுக்கு யோசனை சொல்வது சுலபம் என்று இளைய ஆசிரியர்கள் சிரிப்பார்கள். பதிவேடும் ஆப்பும் அவர்கள் நேரத்தைத் தின்பது தெரிந்துதான் சின்னதாக ஒன்று சொல்கிறேன். மூன்றாம் பருவத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு வாக்கியம் போகட்டும். வாசலில் வாயால் சொன்னாலும் சரி, அப்பாவின் போனுக்குக் குரல்பதிவாகப் போனாலும் சரி. ‘உங்கள் மகள் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்துவிட்டாள்’ என்பது போதாது. ‘பஸ் போர்டு காட்டுங்கள், படிப்பாள்’ என்று இருக்கட்டும். படிக்கத் தெரியாத ஆச்சியும் பேத்தியைப் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடலாம். அவள் சொன்னது சரியா என்று கண்டக்டர் கூவுவதிலேயே தெரிந்துவிடும். சேதியைச் சொல்லும் முன், ‘வீட்டில் பிள்ளை என்ன செய்கிறது?’ என்று ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கட்டும். அடுத்த நாள் பாடம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது பல நேரம் அந்தப் பதிலில்தான் இருக்கும்.