இல்லை என்று சொன்ன கினியா

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் தவறாமல் மனப்பாடம் செய்யும் ஒரு வரி உண்டு. 1960, ஆப்பிரிக்க ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் 17 நாடுகள் சுதந்திரம் பெற்றன. அவற்றில் 14 நாடுகள் பிரான்ஸின் ஆட்சியில் இருந்தவை.

அந்தப் பட்டியலில் கினியாவைத் தேடினால் கிடைக்காது. பிரான்ஸின் பிடியில்தான் அதுவும் இருந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1958-லேயே வெளியேறிவிட்டது. அதற்கு அது கொடுத்த விலையை வினா-விடைப் புத்தகங்கள் சொல்வதில்லை.

(கினியா-பிஸ்ஸாவ், ஈக்வடோரியல் கினியா, பப்புவா நியூ கினியா என்று பெயர்க் குழப்பம் நிறைய. இது மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், கோனாக்ரியைத் தலைநகராகக் கொண்ட கினியா.)

கதையின் நாயகர் அகமது செகூ தூரே. 1922-ல் பிறந்தவர். கோனாக்ரியில் தொழிற்பள்ளியில் படித்தபோது, சாப்பாடு சரியில்லை என்று மாணவர்களைத் திரட்டிப் போராடினார். பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு தபால் துறையில் எழுத்தர் வேலை, அங்கிருந்து தொழிற்சங்கம்.

1953-ல் கினியாவில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. வார வேலைநேரத்தை 48 மணியிலிருந்து 40 ஆகக் குறைத்துப் புதிய சட்டம் வந்திருந்தது. நேரம் குறைந்தால் கூலியும் குறையுமே! அதை ஈடுகட்ட, மணிக்கூலியை 20 சதவிகிதம் உயர்த்தச் சொன்னார்கள் தொழிலாளர்கள். வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அத்தனை நாளும் அவர்கள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டவர்களில் முக்கியமானவர்கள் சந்தையில் கடை போட்டிருந்த பெண்கள். கூலி உயர்ந்தது. தூரே தலைவரானார். அந்தப் பெண்கள் அவருடைய கட்சியின் முதுகெலும்பானார்கள். அவர்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1958 ஆகஸ்ட் 25. பிரான்ஸின் பிரதமர் சார்லஸ் டி கோல் கோனாக்ரிக்கு வந்தார். அவருக்கு வயது 67, தூரேவுக்கு 36. டி கோல் ஒரு புதிய அரசியல் சட்டத்தோடு வந்திருந்தார். காலனி நாடுகள் தங்கள் உள் விவகாரங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். ராணுவம், வெளியுறவு, பணம் ஆகியவை பாரிஸின் கையில். ஏற்பவர்கள் ‘ஆம்’ என்று வாக்களிக்கலாம். ‘இல்லை’ என்றால் உடனே சுதந்திரம், ஆனால் பின்விளைவுகளை ஏற்கத் தயாராக இருக்க வேண்டும்.

அரங்கில் கூட்டம் ஆர்ப்பரிக்க, தூரே எழுந்தார். அடிமைத்தனத்தில் கிடைக்கும் செல்வத்தைவிடச் சுதந்திரத்தில் வரும் வறுமையே மேல் என்றார். இன்றும் கினியாவில் பிள்ளைகள் வரை அறிந்த பேச்சு அது. டி கோல் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். பாரிஸ் தடுக்காது, விளைவுகளை மட்டும் எதிர்பாருங்கள் என்று பதில் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

செப்டம்பர் 28-ல் வாக்கெடுப்பு. ஆப்பிரிக்காவில் பிரான்ஸின் மற்ற காலனிகளெல்லாம் ‘ஆம்’ என்றன. கினியாவில் 100-க்கு 95 பேர் ‘இல்லை’ என்றார்கள். அக்டோபர் 2-ல் சுதந்திரம்.

அதன் பிறகு பிரான்ஸ் நடந்துகொண்ட விதம் ஒரு பெரிய நாட்டுக்கு அழகல்ல. அதிகாரிகள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள் என்று பெரும்பாலானவர்களைச் சில வாரங்களில் திரும்ப அழைத்துக்கொண்டது. போகிற போக்கில் கோப்புகளை எரித்தார்கள், தொலைபேசிகளைப் பிடுங்கினார்கள், பல்புகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் அடித்த ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். ஓர் அரசாங்கமே அப்படிச் செய்தது.

கைகொடுத்தவர் கானாவின் குவாமே நிக்ரூமா. அவருடைய நாடு சுதந்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, ஆனாலும் ஒரு கோடி பவுண்டு கடன் தர முன்வந்தார். சோவியத் யூனியனும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் வந்தன. 1960-ல் கினியா பிராங்க் வலயத்திலிருந்து விலகித் தனி நாணயம் வெளியிட்டது. பிரெஞ்சு உளவுத்துறை அந்த நோட்டுகளைக் கள்ளத்தனமாக அச்சடித்து நாட்டுக்குள் கொட்டியது. அந்தத் திட்டத்தின் பெயர் ‘பெர்சில்’. அது ஒரு சலவைத்தூளின் பெயர்!

1961-ல் தூரேவுக்கு லெனின் அமைதிப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், சதி செய்கிறார் என்று சோவியத் தூதரையே மூட்டை கட்ட வைத்தார். மறுவருடம் வாஷிங்டனில் கென்னடியைச் சந்தித்தார். யாருக்கும் கட்டுப்படாதவர் என்று உலகம் வியந்தது.

உள்ளே நடந்தது வேறு. பல்பைக் கழற்றியவர்களையும் கள்ள நோட்டு அடித்தவர்களையும் பார்த்தவருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். 1970-ல் போர்ச்சுகல் அனுப்பிய படை உண்மையிலேயே கோனாக்ரியில் வந்து இறங்கியது. ஆனால் தூரேவின் சந்தேகம் எதிரியோடு நிற்கவில்லை. கூட இருந்தவர்கள் எல்லாரிடமும் அவர் சதியைக் கண்டார். கோனாக்ரியின் போய்ரோ முகாம் நிரம்பத் தொடங்கியது.

டியாலோ டெல்லி என்ற பெயர் பொது அறிவுப் புத்தகங்களில் வரும். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளர். அந்தப் பதவி முடிந்ததும் நாடு திரும்பி, தூரேவின் அமைச்சரவையில் நீதி அமைச்சரானார். 1976-ல் கைது செய்யப்பட்டு போய்ரோவில் அடைக்கப்பட்டார். அங்கே ‘கறுப்பு உணவு’ என்று ஒரு தண்டனை உண்டு. பெயர்தான் உணவு. சோறும் கிடையாது, சொட்டுத் தண்ணீரும் கிடையாது, சாகும் வரை. 1977-ல் டெல்லி அப்படித்தான் இறந்தார். கொடுத்த ஆணை, பள்ளிச் சாப்பாடு சரியில்லை என்று போராடிய அதே மனிதரின் ஆட்சியுடையது.

அதே 1977, ஆகஸ்ட் 27. தனியார் வணிகத்தை அரசு தடை செய்திருந்தது. விளைந்ததை அரசிடம்தான் விற்க வேண்டும். சந்தைகளில் ‘பொருளாதார போலீஸ்’ கூடைகளையும் பைகளையும் கிளறிக்கொண்டிருந்தது. கோனாக்ரியின் மதினா சந்தையில் ஒரு பெண்ணின் பையைச் சோதிக்க வந்தபோது பொறுமை உடைந்தது. கூட்டம் கூட்டமாகப் பெண்கள் அதிபர் மாளிகைக்கு நடந்தார்கள். தூரே பேசிச் சமாளிக்கப் பார்த்தார். பேச்சால் நாட்டையே கட்டிப்போட்டவரை அவர்கள் கத்தியே அடக்கினார்கள். அடுத்து வந்தது துப்பாக்கிச் சூடு. உயிர்கள் போயின.

ஆனால் தூரே இறங்கி வந்தார். பொருளாதார போலீஸைக் கலைத்தார். சில்லறை வியாபாரத்துக்கு மெல்லக் கதவைத் திறந்தார். சோவியத் தூதரிடமும் டி கோலிடமும் இறங்கி வராதவர், காய்கறிக்காரிகளிடம் இறங்கி வந்தார்.

1984 மார்ச் 26-ல், இதய சிகிச்சைக்காகச் சென்ற அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தூரே இறந்தார். ஏப்ரல் 3-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. போய்ரோ முகாமைத் திறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்தவர்கள் வெளியே வந்தார்கள்.