புளிப்பும் பழுதும்

எங்கள் ஊர்ச் செக்கடிக்கு நல்லெண்ணெய் வாங்க வருவோர் பலர். எஞ்சிய பிண்ணாக்கைக் கேட்டு வருவோர் மாடு வளர்ப்போர் மட்டுமே. அந்தப் பிண்ணாக்கை மீனுக்கும் உணவாக்கலாம் என்னும் எண்ணமே இறுதியாண்டில் என் ஆய்வுப் பொருளாயிற்று.

வளர்ப்பு மீனின் தீனியில் புரதத்துக்காக நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டு வருவது மீன்தூள். அதற்குப் பெருமளவில் உதவியது பெரு நாட்டுக் கடலின் நெத்தலி. 1970 இல் ஒரு கோடியே இருபது இலட்சம் தொன்னளவு இருந்த அந்நாட்டு நெத்தலிப் பிடிப்பு, மிகைப் பிடிப்பினாலும் 1972-73 இன் எல் நினோ வெப்பத்தினாலும் சரிந்தது. மீனை வளர்க்க மீனையே அரைப்பது எத்துணை நிலையற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எள்ளுப் பிண்ணாக்கிலும் புரதம் மிகுதி. ஆனால், அதிலுள்ள பைற்றிக் அமிலம் பொசுபரசையும் நாகத்தையும் பற்றிக்கொள்கிறது. அதனை உடைக்கும் நொதியம் மீனின் குடலிற் போதியளவு இல்லை. உடலிற் சேராத பொசுபரசு நீரிற் கலந்து பாசியை வளர்க்கிறது. இலத்திக் அமிலப் பற்றீரியாவைக் கொண்டு நொதிக்கச் செய்தால் இக்கட்டுத் தளரும். அவ்வாறு நொதித்த எள்ளுப் பிண்ணாக்கில் பைற்றிக் அமிலம் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்தமையை, றோகு மீன்குஞ்சுகளைக் கொண்டு செய்யப்பெற்று 1999 இல் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டிற்று.

இவையெல்லாம் படித்திருந்தும் முதல் முயற்சியிலேயே தவறினேன். நனைத்த பிண்ணாக்கை வாளியிலிட்டு, மூடியை இறுக்காமல் விடுமுறைக்குச் சென்றுவிட்டேன். திரும்பியபோது மேலே பச்சைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நாள் பிந்தக் கூடாதென்று அதை வழித்தெறிந்து, எஞ்சியதை உலர்த்தித் தீனியாக இட்டேன். இரண்டு வாரத்துள் இருபது திலாப்பியாக்களில் ஒன்பது மடிந்தன. 1960 இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்றது, நிலக்கடலைப் பிண்ணாக்கிற் பூஞ்சணம் உண்டாக்கிய அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சு. என் தொட்டியிலும் அந்நஞ்சு இருந்ததா, அன்றி நீர்தான் கெட்டதா? நான் சோதிக்கவில்லை, ஆதலின் இன்றும் சொல்ல இயலாதவனாயிருக்கிறேன்.

குறிப்பேட்டின் அப்பக்கத்தைக் கிழித்துவிடவும் எண்ணினேன். அடுத்த முறை வீடு சென்றபோது அம்மம்மாவிடம் இதைக் கூறினேன். அவர் தோசைமாவைக் கரைத்தபடியே, "மா புளிச்சதோ பழுதாப்போச்சோ எண்டு மணந்து பாராமல் நான் ஆருக்கும் சுட்டுக் குடுப்பேனே, ராசா?" என்றார்.

நொதித்தலும் பழுதாதலும் நுண்ணுயிர்களின் செயலே. எந்த நுண்ணுயிருக்கு இடங்கொடுக்கிறோம் என்பதிலேயே வேறுபாடு உள்ளது. மறுமுறை சிறிது தயிர் கலந்து, காற்றுப் புகாதவாறு அமுக்கி மூடினேன். புளிப்பு மணம் எழுந்தது; அமிலத்தன்மையை அளந்து பார்த்தேன்; பூஞ்சணம் இல்லை என்று கண்ட பின்னரே தீனியாக்கினேன். அம்முறை ஒரு மீனும் மடியவில்லை.

தோசை புளித்துவிட்டால் நாம் தட்டை ஒதுக்கிவிடலாம். தொட்டியில் அடைபட்ட மீனுக்கு நாம் இடுவதைத் தவிர வேறு உணவில்லை. அந்த ஒன்பது மீன்களின் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. ஆய்வேட்டிலும் முதல் அட்டவணையாக அதையே சேர்த்தேன்.