உப்பு பாருங்கத்தை

எங்கம்மாவுக்கு 82 வயசு. ரெண்டு மாசமா நாலு வாய்க்கு மேல சோறு இறங்கல. "போதும் கண்ணு, பசிக்கல" அவ்வளவுதான். ரவிக்கை தோள்ல தொளதொளன்னு ஆனதும் எனக்குப் பயம் வந்துருச்சு.

வயசானா அப்படித்தான்னு விட்டுடக் கூடாதுங்க. டாக்டர் முதல்ல வாயைத் திறக்கச் சொன்னார். பல்செட் உரசி ஈறுல புண்ணு. அப்புறம் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். சர்க்கரைக்குக் குடுக்கிற மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்குமாம். அளவை அவரே மாத்தி எழுதினார். மாத்திரையை நாமளா நிறுத்தக் கூடாது. மலச்சிக்கலும் மனக்கவலையும்கூட பசியை அடைச்சிரும்.

வீட்டுல மூணு வேளைத் தட்டை அஞ்சு வேளைக் கிண்ணமா மாத்தினோம். நம்ம காட்டுல விளைஞ்ச கம்புல சோறாக்கி, மோர் ஊத்திக் கரைச்சு, சின்ன வெங்காயம் அரிஞ்சு போடுவோம். அரிசிம்பருப்புச் சோத்துல ஒரு கரண்டி நெய். வயசானா நாக்குல ருசி மங்கிரும், வாசம் தூக்கலா இருந்தாத்தான் கை போகும்.

எல்லாத்தையும் விட முக்கியம், "சாப்பிடறீங்களா"ன்னு கேக்கறதை விட்டதுதான். கேட்டா "வேண்டாம்"னுதான் வரும். இப்ப என் சம்சாரம் கிண்ணத்தை நீட்டி, "உப்பு சரியா இருக்குதா பாருங்கத்தை"ங்கும். காலமெல்லாம் அடுப்படியை ஆண்ட மனுசி, மாட்டேன்னா சொல்லும்? கொள்ளு ரசத்துல சீரகம் பத்தலைன்னு குறை சொல்லிக்கிட்டே கிண்ணம் காலியாயிரும்.

பட்டணத்துல இருக்கிறவங்க போன்ல "சாப்பிட்டாச்சா"ன்னு மட்டும் கேக்காதீங்க. "அந்தக் குழம்பு எப்படிம்மா வெக்கிறது"ன்னு கேளுங்க. சொல்லச் சொல்ல அவங்களுக்கே பசிக்கும்.