இடம் மாறிய இலக்கங்கள்

பரீட்சைத் தாளில் 64 என்று எழுத வேண்டிய இடத்தில் 46 என்று எழுதிவிட்டு, "கவனக் குறைவு, ஸார்!" என்று தலையைச் சொறியும் பிள்ளைகளுக்கு நாம் இருபது வருஷமாக அரை மதிப்பெண்கூட விட்டுக் கொடுத்ததில்லை. அப்பேர்ப்பட்ட கணக்கு வாத்தியாரான நமக்குச் சென்ற வருஷம் தபால் மூலம் ஒரு பாடம் வந்து சேர்ந்தது.

நம்மிடம் படித்த பெண் ஒருத்தி, தகப்பனார் இல்லாதவள். தாயாருடன் சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் குடிபோயிருந்தாள். கல்லூரியில் இடம் கிடைத்தது. குறித்த நாளுக்குள் அசல் சான்றிதழ்களைக் காட்டியாக வேண்டும். அவையோ பள்ளிக்கூடத்தில் இருந்தன. பஸ் செலவு செய்துகொண்டு வர வேண்டாமென்று பெருந்தன்மையுடன் கூறி, நாமே விலாசம் எழுதி விரைவுத் தபாலில் அனுப்பினோம்.

ஐந்து நாளாகியும் உறை போய்ச் சேரவில்லை. அந்த அம்மாள் கைபேசியில் கூப்பிட்டு, "ஸார், நாளை மறுநாள் கடைசி நாள்" என்று மட்டும் சொன்னார். நாலு வார்த்தை கடிந்து பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

ரசீதைத் தேடி எடுத்து அதிலிருந்த எண்ணைக் கொண்டு விசாரித்தோம். உறை பொள்ளாச்சியில் இருந்தது! ரசீதை மறுபடி பார்த்தோம். திண்டுக்கல்லின் பின்கோடு 624001. நாம் உறையின்மேல் எழுதியிருந்ததோ 642001. அது பொள்ளாச்சி.

பின்கோடு 1972-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் அதிகாரி வகுத்த ஏற்பாடு அது. ஆறு இலக்கங்களில் முதலாவது மண்டலத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அது 6. முதல் மூன்றும் சேர்ந்து, தபாலைப் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும். கடைசி மூன்றும் தபாலாபீஸைக் காட்டும். ஆகவே இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் ஊரே மாறிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே உறையில் ஒட்டியிருந்த இன்னோர் எண் இப்படி எளிதில் ஏமாறுவதில்லை. முன்னே இரண்டு எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், பின்னே நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. இது உலகத் தபால் சங்கத்தின் முறை. ஒன்பதாவது இலக்கம் ஒரு காவற்காரன். முதல் எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் காவற்காரன் வருவான். (விடை 10 ஆனால் 0, 11 ஆனால் 5.) உதாரணமாக, 10203040 என்றால் தொகை 61, மீதி 6, காவல் இலக்கம் 5. முதல் இரண்டையும் மாற்றி 01203040 என்று எழுதினால் தொகை 59, மீதி 4, காவல் இலக்கம் 7 ஆகிவிடும். குட்டு உடனே வெளிப்படும். கப்பலேறும் சரக்குப் பெட்டிகளின் எண்ணுக்கும், நம் ரெயில்வே சரக்கு வண்டிகளின் 11 இலக்க எண்ணுக்கும் கடைசியில் இத்தகைய காவலன் ஒருவன் உண்டு. பின்கோடுக்கு இல்லை. அது எழுதுகிறவனை நம்பியிருக்கிறது.

பொள்ளாச்சித் தபாலாபீஸைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னோம். "திண்டுக்கல் என்று எழுதியிருக்கிறதைப் பார்த்தோம், ஸார். இன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டோம்" என்றார் ஒருவர். இயந்திரம் எண்ணைப் பார்த்தது. அந்த மனிதர் ஊரின் பெயரைப் படித்தார். மறுநாள் பிற்பகல் உறை போய்ச் சேர்ந்தது. பெண்ணும் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். "ரொம்ப நன்றி, ஸார்" என்று அவள் சொன்னபோது நமக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

இப்போதும் இலக்கம் இடம் மாறினால் மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்கிறோம்; கண்டித்துப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டோம். விலாசம் எழுதியதும் உறையை நம் மனைவியிடம் கொடுத்து எண்ணை உரக்கப் படிக்கச் சொல்கிறோம். "ஆறு, இரண்டு, நாலு..." என்று அவள் படிக்க, நாம் பரீட்சை எழுதிய பிள்ளையைப் போல் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறோம்.